அபராத நோட்டீஸில் பிழை இருந்தால் அபராதம் தானாக ரத்தாகிவிடுமா?

ஈரோட்டில் நூல் கடை வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். 2021-22 மதிப்பீட்டு ஆண்டுக்கான அவருடைய கணக்கை வருமான வரித்துறை மறுபடி திறந்து, 2025 மார்ச் 24 அன்று மதிப்பீட்டு ஆணை போட்டிருக்கிறது. கணக்கில் விடுபட்ட கமிஷன் வரவு 2,10,000 ரூபாய், ஆதாரம் இல்லை என்று ஏற்க மறுத்த செலவு 3,90,000 ரூபாய், ஆக 6 லட்சம் ரூபாய் வருமானத்தில் சேர்ந்தது. அவர் மேல்முறையீட்டுக்குப் போகாமல் ஏப்ரல் மாதமே வரியையும் வட்டியையும் கட்டிவிட்டார். ஆனால் ஆணையோடு சேர்ந்து அபராத நோட்டீஸும் வந்திருந்தது. தலைப்பில் 2021-22 என்றும் உள்ளே ஓர் இடத்தில் 2020-21 என்றும் ஆண்டு இருக்கிறது. இனிஷியல் தவறு. போனது பழைய மின்னஞ்சலுக்கு. பதில் சொல்லக் கொடுத்தது ஐந்தே நாள். குற்றச்சாட்டைப் பற்றி 'வருமானத்தைக் குறைத்துக் காட்டியது, தவறாகக் காட்டியது' என்ற பொதுவான வரி மட்டும்தான். "ஊழியர் செய்த தவறு, மன்னிக்கவும்" என்று அவர் பதில் அனுப்பினார். செப்டம்பர் 18 தேதியிட்ட அபராத ஆணை 20ஆம் தேதி கைக்கு வந்தது. 200 சதவீதம், 3,60,000 ரூபாய். "இத்தனை தப்பு இருக்கிற நோட்டீஸ் செல்லாதுதானே, இதை வைத்தே அபராதத்தை உடைக்க முடியுமா?" என்பது கேள்வி.

உடைக்க வாய்ப்பு இருக்கிறது. ஆனால் நீங்கள் முதலில் சொன்ன மூன்று பிழைகளால் இல்லை, கடைசியாகச் சொன்னதால்தான். அதை விளக்குவதற்கு முன் தேதியைப் பார்த்துவிடுவோம். அபராதத்தைக் கட்டச் சொல்லும் டிமாண்ட் நோட்டீஸ் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். உங்கள் கணக்கில் அது அக்டோபர் 20. அன்றைக்குத் தீபாவளி. கடையில் கூட்டம், வீட்டில் விருந்தாளி, ஆடிட்டர் அலுவலகம் பூட்டியிருக்கும். அதனால் 16, 17 தேதிகளுக்குள் வருமான வரித்துறையின் இணையப் போர்ட்டலில் ஏற்றிவிடுங்கள். தாமதமானால் மன்னிப்புக் கேட்டு மனு போடச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் கையில் நாள் இருக்கும்போது அந்தக் கதவைத் தட்டும் நிலைக்குப் போகக் கூடாது. நல்ல வழக்குகள் தாமதத்திலேயே செத்துப்போனதை நான் பார்த்திருக்கிறேன். அதில் வரும் வருத்தம் தோற்றதால் வரும் வருத்தத்தை விடப் பெரியது.

சரி, பிழைக்கு வருவோம்.

வருமான வரிச் சட்டத்தில் 292பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. நோட்டீஸிலோ ஆணையிலோ ஒரு தவறு, குறை, விடுபடல் இருக்கிறது என்பதற்காக மட்டும் அது செல்லாததாகிவிடாது, சாரத்தில் அது சட்டத்தின் நோக்கத்துக்கு ஒத்துப்போனால் போதும் என்கிறது அந்தப் பிரிவு. இனிஷியல் தவறு, ஓர் இடத்தில் ஆண்டு மாறியது போன்றவற்றுக்கெல்லாம் துறை நீட்டும் கேடயம் இதுதான். பான் எண் சரியாக இருக்கிறது, தலைப்பில் ஆண்டு சரியாக இருக்கிறது, கூடவே வந்த மதிப்பீட்டு ஆணையும் அதே ஆண்டுக்கானது. அது உங்களுக்கான நோட்டீஸ்தான் என்று புரிந்துகொண்டுதான் பதிலும் அனுப்பினீர்கள். எந்த மேல்முறையீட்டு அதிகாரியும் இந்த இரண்டை வைத்து மட்டும் ஆணையை ரத்து செய்ய மாட்டார். பழைய மின்னஞ்சல் விஷயமும் அப்படியே. பதில் அனுப்பிய பிறகு, நோட்டீஸ் வந்து சேரவில்லை என்ற வாதத்துக்கு உயிர் இல்லை. ஐந்து நாள் அவகாசம் மட்டும் கொஞ்சம் பயன்படும். அபராதம் போடுமுன் பேசுவதற்கு நியாயமான வாய்ப்பு தர வேண்டும் என்கிறது 274ஆம் பிரிவு. ஆனால் நீங்கள் கூடுதல் நாள் கேட்டு, அவர்கள் மறுத்திருந்தால்தான் அது கூர்மையான வாதமாகும். கேட்கவில்லை என்றால் துணை வாதமாக ஒரு வரி சேர்க்கலாம், அவ்வளவுதான்.

இதற்கு எதிர்முனையில், எந்தக் கேடயத்தாலும் காப்பாற்ற முடியாத பிழைகளும் உண்டு. வேறொரு நிறுவனத்தோடு இணைந்து இல்லாமல் போன கம்பெனியின் பெயரில் மதிப்பீடு செய்தது செல்லாது என்று 2019ல் மாருதி சுசூகி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இறந்துபோனவர் பெயரில் அனுப்பிய மறுமதிப்பீட்டு நோட்டீஸை 2018ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. கணவர் இறந்ததைத் துறைக்குத் தெரிவித்திருக்க வேண்டும் என்று அந்த மனைவிமேல் பொறுப்பைச் சுமத்த முடியாது என்பதையும் அந்தத் தீர்ப்பு தெளிவாகச் சொன்னது. இங்கேயெல்லாம் பிழை எழுத்தில் இல்லை. நடவடிக்கை எடுக்க அங்கே ஆளே இல்லை.

உங்கள் வழக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இந்த மாதிரி இடத்தில் நான் கேட்டுப் பார்ப்பது ஒரே கேள்விதான். இந்தப் பிழையால் எதற்குப் பதில் சொல்வது என்று தெரியாமல் போனதா? ஆண்டு தவறியதால் அப்படி ஆகவில்லை. குற்றச்சாட்டைச் சொல்லாமல் விட்டதால் ஆகியிருக்கிறது.

எப்படி என்று பார்ப்போம். 2017-18 மதிப்பீட்டு ஆண்டு முதல் இந்த வகை அபராதத்துக்கு 270ஏ பிரிவுதான். அதில் இரண்டு படிகள். வருமானத்தைக் குறைத்துக் காட்டியிருந்தால், அதற்கான வரியில் 50 சதவீதம். தவறாகக் காட்டியதால் குறைந்திருந்தால் 200 சதவீதம். உங்கள் 6 லட்சத்துக்கு 30 சதவீத வரி, செஸ்ஸை விட்டுவிட்டால், 1,80,000. முதல் படியில் அபராதம் 90,000 ரூபாய், இரண்டாம் படியில் 3,60,000 ரூபாய். நடுவில் இருப்பது 2,70,000 ரூபாய்.

இரண்டாம் படிக்கு ஏற்ற வேண்டுமென்றால் 270ஏ(9)ல் சொல்லியிருக்கும் ஆறு சூழ்நிலைகளில் ஒன்றாவது பொருந்த வேண்டும். உண்மைகளைத் திரித்தது அல்லது மறைத்தது, முதலீட்டைக் கணக்கில் எழுதாதது, ஆதாரமே காட்ட முடியாத செலவைக் கோரியது, பொய்ப் பதிவு செய்தது, மொத்த வருமானத்தைப் பாதிக்கும் வரவைக் கணக்கில் எழுதாதது, வெளிநாட்டுப் பரிவர்த்தனை போன்றவற்றைத் தெரிவிக்காதது. இவை ஒவ்வொன்றும் தனித்தனிக் குற்றச்சாட்டு, ஒவ்வொன்றுக்கும் சொல்ல வேண்டிய பதிலும் வேறு. உங்களுக்குச் சேர்த்ததில் இரண்டு இனம் இருக்கிறது. கமிஷனுக்கு 'வரவை எழுதவில்லை' என்ற குற்றச்சாட்டா? அப்படியானால் அந்தக் கமிஷன், வரிப் பிடித்தங்கள் பதிவாகும் 26ஏஎஸ் படிவத்தில் வெளிப்படையாக இருந்ததா, வரிப் பிடித்தம் ஆகியிருந்ததா, கணக்குப் புத்தகத்தில் எழுதிவிட்டு ரிட்டர்னில் மட்டும் விட்டுப்போனதா என்று நீங்கள் பேசியிருக்கலாம். செலவுக்கு 'ஆதாரம் இல்லை' என்பதா? அப்படியானால் பில் இருந்தவற்றைத் தேடி எடுத்து வைத்திருக்கலாம். எதுவுமே சொல்லாத நோட்டீஸுக்கு நீங்கள் என்ன செய்தீர்கள்? பொதுவாக மன்னிப்புக் கேட்டீர்கள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

இந்த வாதத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. பழைய 271(1)(சி) பிரிவில் வருமானத்தை மறைத்தது, தவறான விவரம் கொடுத்தது என்று இரண்டு குற்றச்சாட்டுகள் இருந்தன. அச்சடித்த நோட்டீஸில் இரண்டும் இருக்கும். பொருந்தாததை அதிகாரி அடிக்க வேண்டும். பெரும்பாலும் அடிக்காமலே அனுப்பிவிடுவார்கள். 2012 டிசம்பரில் மஞ்சுநாதா காட்டன் வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றம், எந்தக் குற்றச்சாட்டு என்று சொல்லாத நோட்டீஸின்மேல் போட்ட அபராதம் நிற்காது என்றது. 2021 மார்ச்சில் மும்பை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, கோவாவிலிருந்து போன வழக்கில், இதே முடிவை இன்னும் அழுத்தமாகச் சொன்னது. மதிப்பீட்டு ஆணையில் காரணம் தெளிவாக இருந்தாலும்கூட, அபராத நோட்டீஸ் தன் காலில் தானே நிற்க வேண்டும் என்பது அதன் சாரம். அபராதத்தின் தன்மை தண்டனை என்பதால், குற்றம் என்ன என்று அந்தக் காகிதமே சொல்ல வேண்டும் என்பது எனக்கும் சரியாகவே படுகிறது.

ஆனால் நீங்கள் தமிழ்நாட்டில் இருக்கிறீர்கள், அதனால் சென்னைத் தீர்ப்புகளை மறைத்துவிட்டு நம்பிக்கை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. 2018ல் சுந்தரம் ஃபைனான்ஸ் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் வேறு விதமாகத் தீர்ப்புச் சொன்னது. அந்த நிறுவனத்துக்குக் குற்றச்சாட்டு என்னவென்று நன்றாகவே தெரியும், அதைப் புரிந்துகொண்டுதான் விரிவாகப் பதில் சொன்னது, நோட்டீஸில் குறை என்று கீழே எங்குமே சொல்லாமல் உயர் நீதிமன்றத்துக்கு வந்து முதல் முறையாகச் சொல்கிறது, இதை ஏற்க முடியாது என்பதே காரணம். உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. கர்நாடக வழி வந்த இன்னொரு வழக்கிலும் தலையிடவில்லை. ஆக, 'உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது' என்று இரண்டு பக்கமும் சொல்வார்கள். காரணம் எழுதாமல் மனுவைத் தள்ளுபடி செய்தால் அது சட்டத்தைத் தீர்மானித்ததாக ஆகாது. பின்னர் சென்னையிலேயே, குற்றச்சாட்டைக் குறிப்பிடாத நோட்டீஸ் செல்லாது என்று, சுந்தரம் ஃபைனான்ஸ் வழக்கின் நிலைமை வேறு என எடுத்துக்காட்டி வரி செலுத்துபவருக்குச் சாதகமாகவும் தீர்ப்பு வந்திருக்கிறது.

இதிலிருந்து நமக்கு வேண்டியது ஒன்றுதான். சுந்தரம் ஃபைனான்ஸ் தோற்ற இரண்டு காரணங்களும் உங்களுக்குப் பொருந்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் பதில் குற்றச்சாட்டைப் புரிந்துகொண்டு எழுதிய பதில் இல்லை, வெறும் மன்னிப்பு. அது ஒரு வகையில் இப்போது உங்களுக்கு உதவுகிறது. குறையை முதல் மேல்முறையீட்டிலேயே எழுப்பிவிட்டால் 'கடைசியில் வந்து சொல்கிறார்' என்ற பேச்சும் போய்விடும்.

இந்த இடத்தில் தொழிலில் இருக்கும் ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். "நோட்டீஸில் ஓட்டை இருப்பதை இப்போது சொல்லாதே, சொன்னால் அவர்கள் திருத்தி இன்னொரு நோட்டீஸ் அனுப்பிவிடுவார்கள், அடுத்த கட்டமான தீர்ப்பாயத்தில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம்" என்று அனுபவசாலிகளே அறிவுரை சொல்வார்கள். அதில் பாதி உண்மை. காலக்கெடு முடியும் வரை துறை பிழையைத் திருத்திக்கொள்ள முடியும். ஆனால் அப்படிக் காத்திருந்து கெட்டவர்களை எனக்குத் தெரியும். பத்து வருடம் முன்பு என்னிடம் வந்த ஓர் அச்சகக்காரருக்கு, முந்தைய ஆலோசகர் இப்படித்தான் வாதத்தைப் பொத்தி வைத்திருந்தார். முதல் மேல்முறையீட்டில் ஒரு வார்த்தை இல்லை. தீர்ப்பாயத்தில் கூடுதல் காரணமாக எழுப்பினோம். "இத்தனை நாள் உங்களுக்கு இது ஒரு குறையாகவே தெரியவில்லையே" என்ற கேள்விக்கு எங்களிடம் நேர்மையான பதில் இல்லை. அவர் கட்டிவிட்டுப் போனார். அவருடைய குறை உண்மையானது. அதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாததுதான் அதைப் பொய் போலக் காட்டியது. அதனால் இன்றும் என்னிடம் நோட்டீஸோடு வருபவர்களுக்கு, முதல் பதிலிலேயே "என்மேல் எந்தக் குற்றச்சாட்டு, எந்த உட்பிரிவு என்று தெரிவியுங்கள், அதன் பிறகு முழுப் பதில் தருகிறேன்" என்று எழுதச் சொல்கிறேன். திருத்தி அனுப்பினால் அனுப்பட்டும். அப்போது நமக்கு உண்மையாகவே பதில் சொல்ல வாய்ப்புக் கிடைக்கும். அனுப்பாவிட்டால் நம் கடிதமே நம் சாட்சி.

உங்கள் விஷயத்தில் அந்தக் கவலையும் இப்போது இல்லை. மதிப்பீட்டுக்கு மேல்முறையீடு இல்லாத வழக்கில், அபராத நடவடிக்கை தொடங்கிய மாதம் முடிந்து ஆறு மாதத்துக்குள் ஆணை போட வேண்டும் என்பது 275ஆம் பிரிவில் இருந்த கெடு. மார்ச்சில் தொடங்கியதால் அது செப்டம்பர் 30 அன்று முடிந்துவிட்டது. ஆணை 18ஆம் தேதி போட்டதால் கெடுவுக்குள்தான் இருக்கிறது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் புது நோட்டீஸ் அனுப்பி மறுபடி முதலிலிருந்து தொடங்கும் காலமும் கடந்துவிட்டது.

இன்னொரு விஷயம், உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொன்னது. அதுதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. ஏப்ரலிலேயே வரியும் வட்டியும் கட்டிவிட்டேன், மேல்முறையீடும் போகவில்லை என்றீர்கள். சட்டத்தில் 270ஏஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. வரியையும் வட்டியையும் கெடுவுக்குள் கட்டி, மதிப்பீட்டை எதிர்த்து மேல்முறையீடு செய்யாமல் இருந்து, ஆணை கிடைத்த மாதம் முடிந்து ஒரு மாதத்துக்குள் படிவம் 68ல் விண்ணப்பித்தால், அபராதத்திலிருந்து முழு விலக்கு. அதாவது 90,000 ரூபாய்கூட இல்லை, பூஜ்யம். ஆனால் தவறாகக் காட்டியதற்காக நடவடிக்கை தொடங்கியிருந்தால் இந்த விலக்கு கிடையாது. உங்கள் நோட்டீஸில் இரண்டு வார்த்தையும் சேர்ந்து இருந்ததால் "நமக்குப் பொருந்தாது" என்று உங்கள் ஆடிட்டர் விண்ணப்பிக்காமல் விட்டார் என்கிறீர்கள்.

இப்போது பாருங்கள், அந்தப் பிழை உங்களிடமிருந்து எதைப் பறித்தது என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறது. 2022 மார்ச்சில் ஷ்னைடர் எலெக்ட்ரிக் வழக்கில் டில்லி உயர் நீதிமன்றம் இதையொட்டித்தான் தீர்ப்பளித்தது. குறைத்துக் காட்டியதா தவறாகக் காட்டியதா, அதில் எந்த வகை என்று நோட்டீஸில் சொல்லாமல், பிறகு 'தவறாகக் காட்டியது' என்ற காரணத்தால் விலக்கை மறுப்பது நியாயமற்றது என்று அந்த மறுப்பை ரத்து செய்தது. அந்த நிறுவனம் விண்ணப்பித்திருந்தது, நீங்கள் விண்ணப்பிக்கவில்லை. இந்த வித்தியாசத்தைத் துறை கண்டிப்பாகச் சொல்லும். அதற்கு நம் பதில், வரியைக் கட்டிய சலானும், மேல்முறையீடு செய்யாத நடத்தையும். விலக்குக்குச் செய்ய வேண்டியது அத்தனையும் செய்தவர் விண்ணப்பம் மட்டும் போடவில்லை என்றால், அதற்குக் காரணம் நோட்டீஸின் குழப்பம் என்பது நம்பத் தகுந்தது. உங்கள் ஆடிட்டர் அந்தச் சமயத்தில் வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ "270ஏஏ பொருந்தாது" என்று அனுப்பியது ஏதாவது இருந்தால் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

நோட்டீஸின் குறையோடு நிறுத்திக்கொள்ளவும் கூடாது. அது விழுந்தால் வழக்கே விழுந்துவிடும் என்ற நிலையில் யாரும் இருக்கக் கூடாது. அபராத ஆணையை எடுத்து வைத்து, அந்த ஆறு சூழ்நிலைகளில் எது என்று ஆணையிலாவது எழுதியிருக்கிறார்களா என்று தேடுங்கள். நோட்டீஸிலும் இல்லை, ஆணையிலும் இல்லை என்றால் 200 சதவீதம் நிற்பது மிகவும் கஷ்டம். அடுத்து, 270ஏ(6)ன்படி, உங்கள் விளக்கம் நேர்மையானது, தேவையான விவரங்களை எல்லாம் வெளிப்படுத்தியிருக்கிறீர்கள் என்று அதிகாரி திருப்தி அடைந்தால் அந்தத் தொகை குறைத்துக் காட்டிய வருமானமாகவே கருதப்படாது. 2012ல் பிரைஸ் வாட்டர்ஹவுஸ் கூப்பர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், கணக்குத் துறையில் பேர் பெற்ற அந்த நிறுவனமே தன் ரிட்டர்னில் பணிக்கொடைக்கான ஒதுக்கீட்டைத் தவறுதலாகக் கழித்துக்கொண்டதை மனிதத் தவறு என்று ஏற்று அபராதத்தை நீக்கியது. பழைய பிரிவின் கீழ் வந்த தீர்ப்புதான், ஆனாலும் கமிஷன் விடுபட்டதற்கு இது பேசும். செலவு விஷயத்துக்கு 2010ன் ரிலையன்ஸ் பெட்ரோ ப்ராடக்ட்ஸ் தீர்ப்பு. ஒரு கோரிக்கை ஏற்கப்படவில்லை என்பதாலேயே தவறான விவரம் கொடுத்ததாக ஆகாது என்றது அது. 3,90,000ல் எவ்வளவுக்கு உங்களிடம் பில் இருக்கிறது என்று இந்த வாரமே கூட்டிப் பாருங்கள். பாதிக்கு இருந்தால்கூட 'ஆதாரமே இல்லாத செலவு' என்ற பெயர் அதற்குப் பொருந்தாது.

மேலதிகாரி ஒப்புதல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். வருமான வரி அதிகாரி 10,000 ரூபாய்க்கு மேலும், உதவி அல்லது துணை ஆணையர் 20,000 ரூபாய்க்கு மேலும் அபராதம் போட வேண்டுமானால் இணை ஆணையரின் முன் ஒப்புதல் வேண்டும். 274(2)ல் இருப்பது. ஆணையில் அதைப் பற்றி ஒரு வரி இருக்கும். இல்லை என்றால் ஒப்புதலின் நகலைக் கேட்டு எழுதுங்கள். இது வடிவம் சார்ந்த குறை அல்ல, அதிகாரம் சார்ந்தது.

டின் என்கிற ஆவண அடையாள எண் இல்லையென்றால் என்ன என்றும் பலர் கேட்கிறார்கள். 2019 அக்டோபர் 1க்குப் பிறகு அந்த எண் இல்லாமல் அனுப்புவது செல்லாது என்று மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் 19/2019 சுற்றறிக்கையே சொல்கிறது. அதை வைத்து உயர் நீதிமன்றங்கள் ஆணைகளை ரத்து செய்தன. 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் டில்லித் தீர்ப்பு ஒன்றை நிறுத்தி வைத்தது. உங்கள் நோட்டீஸிலும் ஆணையிலும் எண் இருப்பதாகத் தெரிகிறது, ஆகவே இது உங்களுக்குத் தேவையில்லை.

மேல்முறையீடு படிவம் 35ல், போர்ட்டல் வழியாக. கட்டணம் அதிகபட்சம் 1,000 ரூபாய்தான். நடந்ததைச் சொல்லும் பகுதிக்கு 1,000 வார்த்தை, ஒவ்வொரு காரணத்துக்கும் 100 வார்த்தை என்று வரம்பு உண்டு. அதனால் ஒரே காரணத்தில் எல்லாவற்றையும் திணிக்காமல் தனித்தனியாகப் பிரியுங்கள். முதல் காரணம், நோட்டீஸ் 270ஏ(9)ன் எந்த உட்பிரிவு என்று சொல்லவில்லை, அதனால் பதில் சொல்லும் வாய்ப்புப் பறிபோனது. அடுத்தது, ஆணையிலும் அது இல்லை. பிறகு, அந்தக் குழப்பத்தால் 270ஏஏ விலக்கை இழந்தது. அதன் பின் கமிஷனுக்கும் செலவுக்கும் தனித்தனியாக விளக்கம். கடைசியில் மாற்றுக் கோரிக்கையாக, எப்படிப் பார்த்தாலும் 50 சதவீதத்துக்கு மேல் போகாது என்பது. ஆண்டு தவறு, ஐந்து நாள் அவகாசம் இரண்டையும் நடந்ததைச் சொல்லும் பகுதியில் ஒரு வாக்கியமாக வையுங்கள், காரணங்களில் முன்னால் நிறுத்தாதீர்கள். சின்னக் குறையை முதலில் பார்க்கும் அதிகாரிக்கு மற்றவையும் சின்னதாகவே தெரியும். "ஊழியர் செய்த தவறு" என்ற பழைய பதிலை மறைக்கவும் வேண்டாம். அதை இணைத்து, குற்றச்சாட்டு தெரியாத நிலையில் எழுதியது என்று நேராகச் சொல்லுங்கள். படிவத்தில் மின்னஞ்சல் முகவரி கேட்கும் இடத்தில் இப்போது நீங்கள் தினமும் பார்க்கும் முகவரியைக் கொடுங்கள். போர்ட்டல் சுயவிவரத்திலும் பழையதை மாற்றிவிடுங்கள். இனி வரும் விசாரணை நோட்டீஸ் எல்லாம் அதற்குத்தான் வரும், அதிகாரியை நேரில் பார்க்காமல் இணையத்திலேயே நடக்கும் முகமறியா முறையில் யாரும் தொலைபேசியில் கூப்பிட மாட்டார்கள். வீடியோ வழி விசாரணை வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மேல்முறையீடு போட்டதும் வசூல் தானாக நின்றுவிடாது. 220(6)ன் கீழ் மதிப்பீட்டு அதிகாரியிடம் தனியாக மனு கொடுக்க வேண்டும். 2017 ஜூலை 31 தேதியிட்ட வாரியக் குறிப்பின்படி வழக்கமாக 20 சதவீதம் கட்டச் சொல்வார்கள். உங்களுக்கு அது 72,000 ரூபாய். பணக் கஷ்டம் இருந்தால் தவணை கேட்கலாம், கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எதுவும் செய்யாமல் இருந்தால் அடுத்த வருட ரீஃபண்டைப் பிடித்துக்கொள்வார்கள்.

மேல்முறையீட்டு ஆணையருக்கு அபராதத்தை உறுதி செய்யவும், நீக்கவும், குறைக்கவும், கூட்டவும் அதிகாரம் உண்டு. ஏற்கெனவே 200 சதவீதத்தில் இருப்பதால் கூட்டுவார்களோ என்ற பயம் உங்களுக்கு வேண்டாம். அங்கே சரியாகவில்லை என்றால் சென்னையில் தீர்ப்பாயம் இருக்கிறது. முதல் மேல்முறையீட்டு ஆணை கைக்கு வந்த மாதம் முடிந்து இரண்டு மாதத்துக்குள் போக வேண்டும், அபராத வழக்குக்குக் கட்டணம் 500 ரூபாய். நோட்டீஸ் குறை பற்றிய வாதங்களுக்கு என் அனுபவத்தில் அங்கேதான் பொறுமையாகக் காது கொடுக்கிறார்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். உங்கள் ஆண்டுக்குப் பழைய 1961 சட்டத்தின் பிரிவுகள்தான்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது: போர்ட்டலில் நுழைந்து, இ-ப்ரொசீடிங்ஸ் பகுதியில் மார்ச் 24 நோட்டீஸ், அதற்கு நீங்கள் அனுப்பிய பதில், மதிப்பீட்டு ஆணை, அபராத ஆணை, டிமாண்ட் நோட்டீஸ் ஐந்தையும் இறக்கிக்கொள்ளுங்கள். மதிப்பீட்டு ஆணையின் கடைசிப் பத்தியில் அபராதம் பற்றி என்ன வார்த்தை எழுதியிருக்கிறது என்று படியுங்கள். அங்கே 'குறைத்துக் காட்டியது' என்று மட்டும் இருந்து, அபராத ஆணை 'தவறாகக் காட்டியது' என்று 200 சதவீதத்துக்குப் போயிருந்தால், அந்தப் பத்தியை அப்படியே எடுத்து முதல் காரணத்தில் வைக்கச் சொல்லி உங்கள் ஆடிட்டரிடம் கொடுங்கள். ஏப்ரலில் வரி கட்டிய சலானை மறக்காமல் இணையுங்கள்.